கதவிடுக்கில் ஒரு கயிறு

சேரம்பாடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், காது கேளாத ஒரு சிறுமிக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லித்தர வேண்டியிருந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். யானை பயத்தில் பிள்ளை உள்ளே தாழிட்டுக்கொண்டிருக்கும். முதல் நாள் கதவைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “ஏன் டீச்சர், காது கேக்காத புள்ளைக்குக் கதவத் தட்டுனா எப்புடி? அந்தக் கயித்த இழுங்க.”

இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள் நான்! கதவிடுக்கில் தொங்கிய சணல் கயிற்றை இழுத்தேன். மறுமுனையை மணிக்கட்டில் கட்டியிருந்த சிறுமி ஓடிவந்து திறந்தாள்.

அன்று ‘வா’ என்று சிலேட்டில் எழுதி, கையசைத்துப் பொருள் காட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். கயிற்றை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கயிறு என் கையைச் சுண்டி இழுத்தது.

வேலைக்காக மலையேறி ஒரு வருஷமாகிறது. என் அறைக் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. என்னை ஒருவர் ‘வா’ என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை இழுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.