எழுத்தை விட்டு பைனரிக்கு மாறச் சொன்னேன்

பைனரிதான் ஜெயிக்கும் என்று நான் அப்போதே சொன்னவன்.

இன்று கடப்பாக்கத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் லேப்டாப்பைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். படகுகளின் அளவு, எடை, தேதி எல்லாம் டேட்டாபேஸில் ஆமை வேகத்தில் ஏறுகிறதாம்; மாலைக்குள் முடியாவிட்டால் வேலை போய்விடுமாம்.

"இன்னாம்மா, எழுத்து ஃபைலாவா ஏத்திகினு கீற? ஒவ்வொரு நம்பரையும் மிஷினு படிச்சி மாத்தணுமே! பைனரியா, மிஷினோட சொந்த பாஷையில குடு, அப்டியே முழுங்கிடும். எழுபதுலயே செங்கல்பட்டு கம்ப்யூட்டருல ஓட்ட போட்ட அட்டைய தூக்கிப் போட்டு டேப்ப கொண்டாந்தவன் நான்!"

"நெசமாவா அங்கிள்?"

மாற்றினாள். மாமல்லபுரம் வருவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. பஸ் அங்கே நின்றதும் சிரித்தபடி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் செங்கல்பட்டில் நான் தள்ளியது ஐஸ் வண்டி. பைனரி விஷயம், நேற்று கூடுவாஞ்சேரி ரயிலில் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் இரண்டு பேர் அதைப் பற்றிச் சண்டை போட்டபோது காதில் விழுந்தது.

அதற்காக டீயைத் திருப்பியா கொடுக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.