இனெர்ஷியாவும் என் தம்பியும்

சூடேறிய டீசல் நெடி எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் ஒரு பேருந்துப் பயணம்தான் நினைவுக்கு வரும். நான் சிறுமியாக இருந்தபோது, சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக அம்மா, நான், கைக்குழந்தையான தம்பி மூவரும் கடலூரில் தனியார் பேருந்து ஒன்றில் ஏறினோம். உட்கார இடமில்லை. நின்று வருகிறவர்கள் தங்கள் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், கொடுத்துவிடுவது அப்போது வழக்கம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் 'இன்ஜின் பெட்டி' மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை அம்மா யோசிக்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆடுகள் குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மொத்தக் கூட்டமும் முன்னால் சரிந்தது. இடுக்கு வழியே எனக்குத் தெரிந்தது அந்த அம்மாளின் வெறும் மடி மட்டும்தான். தம்பியின் அழுகை கேட்கவில்லை. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். பாவாடை நனைந்தது கூடத் தெரியாமல் நின்றேன். கண்ணாடியில் மோதுவதற்குள் ஓட்டுநரின் இடது கை அவனைத் தடுத்திருந்தது.

"நான் கெட்டியாத்தாம்மா புடிச்சிருந்தேன். யாரோ புடுங்குன மாதிரி போயிட்டான்" என்று அந்த அம்மாள் அழுதார். அம்மா நம்பவில்லை. "கைய உட்டுட்டா பாவி" என்று வருஷக்கணக்கில் அவரை ஏசிக்கொண்டிருந்தாள்.

பிறகு பள்ளியில் 'இனெர்ஷியா' பாடம் வந்தது. லத்தீனில் 'ஆர்ஸ்' என்றால் திறன், அது இல்லாமல் சும்மா கிடப்பது 'இனெர்ஸ்', அதிலிருந்து வந்த சொல் இது என்றார் டீச்சர். கிடக்கிற பொருளுக்குத் தானாக நகரத் தெரியாது, நகர்கிற பொருளுக்குத் தானாக நிற்கத் தெரியாது, பேருந்து நின்றாலும் உள்ளே இருப்பவர் போய்க்கொண்டேதான் இருப்பார் என்றபோது வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த அம்மாளின் வெறும் மடிதான் கண்ணில் நின்றது.

அந்த அம்மாள் மேல் தப்பில்லை, யாரும் புடுங்கவுமில்லை என்று அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையைக் கீழே வைத்தாள்.

"அவ மேல தப்புன்னு நெனச்ச வரைக்கும் எனக்குத் தைரியமா இருந்துச்சுடி. யாரும் ஒண்ணும் பண்ணாமலே புள்ள போயிடும்னா, உங்கள எப்படி நான் பஸ்ஸுல அனுப்புறது?"

இப்போது அந்தத் தடத்தில் யாரும் பிள்ளையை அந்நியர் மடியில் கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் உயிரோடு இல்லை. போன மாதம் தம்பி புதுக் கார் வாங்கினான். முன் சீட்டில் இருந்த என் மடியில் அவன் குழந்தையை வைத்து, "பாத்துக்குங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி. இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்தான். நான் கதவைத் திறந்து குழந்தையோடு கீழே இறங்கிவிட்டேன்.