விழுந்தவன் சொல்லும் நன்றி

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் நன்றியை வாட்ஸப்பில் சொல்லக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கை நாள் வாடகைக்கு எடுத்து, விழுப்புரம், திண்டிவனம் ஆட்கள் முப்பது பேர் போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வருவோம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு உதவி செய்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். யார் போவது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. டிராக்கில் எவன் விழுந்தானோ அவன்தான் போக வேண்டும். அதுவும் தன் வண்டியில் இல்லை, கிளப் தலைவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து. "ரொம்ப நன்றிங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவும் முடியாது. இவர் இன்னது செய்தார், அதற்காக நன்றி என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். தலைவர் பக்கத்தில் இருந்து கேட்பார்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் நான்தான். கிளப் செயலாளர். விழுகிறவர்களுக்குக் கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்று நினைத்துச் செய்தது. நாலைந்து வருஷம் மற்றவர்களை அனுப்பிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் நானே விழுந்தேன்.

எனக்கு ஐம்பது வயது. விழுப்புரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று பெயர். பொய்யில்லை. கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டால் திட்டுவேன், சீட்டோடு வந்து தேதியை மறைத்தாலும் திட்டுவேன். வண்டி ஓட்டும்போது மட்டும்தான் என் வாய் மூடியிருக்கும் என்று என் மனைவி சொல்வாள். ஹெல்மெட்டுக்குள் என்ன பேசிக்கொண்டு போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

டிராக்கில் வளைவுக்கு ஒருவர் கொடிகளோடு நிற்பார். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் நில். பச்சை என்றால் வழி சுத்தம், தாராளமாகப் போ. மஞ்சளை மதிக்காமல் போனவன் ஒரு வருஷத்துக்கு டிராக் பக்கம் வரக் கூடாது. இதுவும் நான் எழுதிய சட்டம்தான்.

கடைசி வளைவுக்கு முந்தைய வளைவில் அன்றைக்கு ஒரு தங்கச்சி நின்றாள். எங்கள் உறுப்பினர் ஒருவரின் அக்கா. எனக்குத் தங்கச்சி முறையில்தான் பேச்சு என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். விழுப்புரம் ஜங்ஷன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. பெண் செய்தாலும் அந்த வேலைக்குப் பெயர் அதுதான். பெட்டிகளைக் கோர்க்கும்போதும் கழற்றும்போதும் கீழே நின்று இன்ஜினுக்குக் கொடி காட்டுகிற வேலை. கொடி பிடித்துப் பழகியவள், வெயிலில் நின்று பழகியவள், இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா என்று நான்தான் அவளை அந்த வளைவில் நிறுத்தினேன். அடுத்த வருஷம் வண்டி ஓட்டவும் பெயர் கொடுத்திருந்தாள். கிளப்பில் அப்படிப் பெயர் கொடுத்த முதல் பெண் அவள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே போன ஒருவர் அந்த வளைவில் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, மறுபடி ஏறும்போது ரோடு முழுக்க மண்ணை வாரி இறைத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. நான் வளைவுக்குள் நுழையும்போது கொடியைப் பார்த்தேன். பச்சை. நன்றாகப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அடுத்த நொடி வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ரோட்டில் மல்லாந்து கிடந்தபடி அவளைப் பார்த்தேன். சிவப்புக் கொடியோடு நடு ரோட்டுக்கு ஓடி வந்து, எனக்கும் பின்னால் வரும் வண்டிகளுக்கும் நடுவில் நின்றாள். மூன்று வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மூன்றும் நின்றன.

என் வண்டி ஏன் விழுந்தது என்று யாருமே கேட்கவில்லை. செயலாளருக்குத்தான் எப்போதும் அவசரம், மஞ்சளைப் பார்த்திருக்க மாட்டார் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஒரு வருஷத் தடை என்று குரூப்பில் செய்தி வந்தது. கூடவே முப்பது சிரிப்புப் பொம்மைகள்.

எனக்கு ஆம்புலன்ஸில் படுத்திருக்கும்போதே விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பச்சைக் கொடி மேலும் கீழுமாக மெதுவாக ஆடியது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வளர்ந்தவன் நான், யார்டில் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பச்சையை அப்படி ஆட்டினால் ரயில்காரர்களுக்குப் பார்த்து மெதுவாக வா என்று அர்த்தம். மண் கிடக்கிறது, பார்த்து வாங்க என்றுதான் அவள் சொன்னாள். யார்டில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாள். டிராக்கில் பச்சை எப்படி ஆடினாலும் பச்சைதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவளைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்தது. ஒரு வருஷத் தடையைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்து, அடுத்த வருஷப் பட்டியலில் இருந்து தன் பெயரை அடித்துவிடச் சொல்லித் தம்பி மூலம் சொல்லியனுப்பினாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்காமல் அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர். வலது கை கட்டோடு ஒட்டகம் மாதிரி ஆடிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற என் மனைவி தலைவரிடம், "மெதுவா இட்டுக்கினு போங்கண்ணா. போற எடத்துல யாரையும் திட்டாம பார்த்துக்கங்க" என்றாள்.

அவள் பயந்தது வீண் போகவில்லை. நன்றி சொல்லப் போன இடமெல்லாம் நான் திட்டியதுதான் முன்னால் வந்து நின்றது. திண்டிவனத்தில் குட்டி யானை என்கிற சின்ன வேன் வைத்திருப்பவர், நெளிந்துபோன என் வண்டியை வீடு வரைக்கும் ஏற்றி வந்தவர். அதைச் சொல்லி நன்றி சொன்னேன். "இருக்கட்டும் சார். டேங்க்கு மேல கயிறு போட்டேன்னு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினே என்னை மாடு மேய்க்கப் போன்னீங்களே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார். தலைவர் செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்து சிரித்தார்.

அடுத்து, திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்தில், முப்பது பேருக்கும் சமைத்துக் கொண்டுவந்த அக்கா. உடைந்த எலும்போடு கிடந்துகொண்டு, தயிர் சாதம் இன்னும் இறங்கவில்லையா என்று நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அக்காவுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஒரு பை நிறையக் கொடுத்து, "எலும்பு கூடுற வரைக்குமாவது கோவப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர் விக்கிரவாண்டியில் டீக்கடை வாசலில் காத்திருந்தார். "ஜல்தி போ, ஜல்தி போன்னீங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினா மெதுவா போடான்னீங்க. நான் இன்னாதான் சார் பண்றது?" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தத் தங்கச்சி வீடு. அவள் என்ன செய்தாள் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், தலைவர் கேட்டுக்கொண்டு இருப்பார். என்ன சொல்வது என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கட்டின புடவையோடு வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டாள். அவள் உட்காரவில்லை.

"கை எப்டிண்ணா இருக்கு?"

"தேவலம்மா."

"ஆரம்பி, செக்ரட்டரி" என்றார் தலைவர்.

எழுந்து நின்றேன். "நான் உழுந்து கெடந்தப்போ பின்னாடி மூணு வண்டி வந்துக்கினு இருந்துச்சும்மா. நீ செவப்புக் கொடிய எடுத்துக்கினு நடு ரோட்டுல வந்து நின்ன. நீ நிக்கலன்னா என் மேல ஏறியிருப்பாங்க. அதுக்கு நன்றிம்மா."

ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லி முடித்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது, அதை மறைப்பானேன். எவ்வளவு பெரிய மனசு நமக்கு என்று நினைத்துக்கொண்டே உட்காரப் போனேன்.

"அதுக்கு முன்னாடி நான் பண்ணதையும் சொல்லுங்கண்ணா" என்றாள்.

"அதான் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னது அப்புறமா பண்ணது. அதுக்கு முன்னாடி."

அவள் தலைவரின் பக்கம் திரும்பினாள்.

"நான் காட்டுனது பச்சை சார். மஞ்சள் இல்ல. பதினோரு வருசமா யார்டுல காட்டிக்கினு இருக்கற கை, தானா அதத்தான் எடுத்துச்சு. பார்த்து வாங்கன்னு மேலயும் கீழயும் ஆட்டுனேன். அண்ணன் பச்சையப் பார்த்துட்டுதான் முறுக்குனாரு. அவரு உழுந்தப்புறம்தான் என் கையில இன்னா இருக்குன்னு பார்த்தேன். அவரு மேல தப்பு இல்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சிக்கினே ஒரு வாரமா பேச்சு வாங்கிக்கினு இருந்தியா? தடை எல்லாம் கேன்சல்பா" என்றார் தலைவர். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் சார்" என்றாள். "அன்னிக்கு வேனுக்காரரத் திட்டினாரு, சமைச்ச அக்காவத் திட்டினாரு, தூக்க வந்தவங்களத் திட்டினாரு. நான் ஸ்ட்ரெச்சர் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தேன். என்னை மட்டும் ஒண்ணும் சொல்லல. 'நீ போயி சாப்புடும்மா'ன்னாரு. அப்பவே எனக்கு உயிரே பூட்ச்சு."

பிறகு என்னிடம் திரும்பினாள். "நேத்து சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேண்ணா. அவருகிட்ட சொல்ல முடிஞ்சுது, உங்களுக்குப் போன் பண்ண முடியல. நீங்க சும்மா விட்டதுதான் எனக்குப் பேஜாரா பூட்ச்சு. அதே எடத்துல என் தம்பி நின்னிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். மறுநாள் அதை மறந்துவிட்டு, அடுத்த வருஷமும் அதே வளைவில் அவனையே நிறுத்தியிருப்பேன். இவளைத் திட்டாமல் விட்டதை இரக்கம் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் தன் பெயரை அடிக்கச் சொன்னபோது, ஒரு பெண்ணை டிராக்கில் இறக்கிவிட்டுப் பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை, தொல்லை விட்டது என்று உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதி இப்போது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளை நான் எங்கள் ஆளாகவே நினைத்திருக்கவில்லை.

"திட்டுங்கண்ணா" என்றாள்.

வாயைத் திறந்தேன்.

"கொடிய எடுக்கும்போது கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாம பதினோரு வருசம் இன்னா வேலை பார்த்த? காலையில அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேனே, எந்தக் கொடி எதுக்குன்னு, அப்போ யார் வாயப் பார்த்துக்கினு இருந்த? நான் இன்னா கூட்ஸ் வண்டியா, ஆட்டி ஆட்டி வரவழைக்கறதுக்கு? எலும்பும்மா இது, எலும்பு!"

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. தலைவர் எழுந்து என் இடது கையைப் பிடித்தார். கத்தினதில் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோதானாண்ணா?"

"இன்னிக்கு அவ்ளோதான்."

"அப்போ நான் திட்டு வாங்கிட்டேன். இனிமே என் பேரு லிஸ்ட்ல இருக்கலாம் இல்ல?"

வலது கை கட்டில் இருந்தது. தலைவரின் போனை வாங்கி, இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, அங்கே நின்றபடியே அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயரை ஏற்றினேன்.