வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம்

என் நாத்தனார் ஆங்கில டீச்சர். அதே பள்ளியில் நான் கணக்கு. அவளுக்கு ஆசிரியர் அறையில் வைத்த பெயர் ‘வெள்ளைக்காரம்மா’. கோபமே வராது அவளுக்கு. வந்தால்தானே நமக்கும் பொழுது போகும்!

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அவள் பாடப்புத்தகத்தைத் தொடமாட்டாள். டீ கெட்டில், கோப்பை, பிஸ்கட் என்று மேசையில் பரப்பி, பிள்ளைகளை விருந்தாளி நாடகம் போட வைப்பாள். பெரிய சாருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, அதைக் கண்டாலே எரிச்சல்.

“பரீட்சையில வராததை எதுக்கும்மா நடத்துறீங்க?”

“வார்த்தை தெரிஞ்சா போதுமா சார்? அதை அந்த ஊர்க்காரங்க எப்படி எடுத்துப்பாங்கன்னு தெரிய வேணாமா?”

“அவங்க பழக்கமெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்” என்று அறிவியல் டீச்சர் வேறு எண்ணெய் ஊற்றினார். கடைசியில் பெரிய சார் தீர்ப்பைக் கல்வி அதிகாரியிடம் விட்டார். அதிகாரி பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அந்த வகுப்பு காலி. பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வகுப்புக்காகத்தான் அவள் வாரம் முழுக்க இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை அதிகாரி வெயிலில் வந்து இறங்கினார். நானும் வகுப்பின் பின்னால் போய் நின்றுகொண்டேன். வகுப்புத் தலைவி தட்டோடு போய், டீ சாப்பிடுகிறீர்களா என்று அழகான ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நோ, தேங்க்யூ” என்றார் அவர்.

“ஓகே சார்.” தட்டு திரும்பிவிட்டது. பிஸ்கட்டும் கூடவே போய்விட்டது.

அதிகாரியின் கண் தட்டின் பின்னாலேயே போனது. பெரிய சார் இருமினார், கண்ணைக் காட்டினார், பிறகு பல்லைக் கடித்தார். “இன்னொரு தடவை கேளும்மா!”

“வேணாம்னுட்டாரே சார்!” என்றாள் தலைவி. “அவங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான். திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவு பண்றதா நினைப்பாங்க.”

நாத்தனார் முகத்தில் ரத்தமே இல்லை.

அதிகாரி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சார், வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போன முதல் நாள் நான் பட்டினி கிடந்தேன். போன வீட்டுல எல்லாம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க. நான் மரியாதைக்கு வேணாம்னுட்டு ரெண்டாவது தடவைக்குக் காத்திட்டே இருந்தேன். என் இங்கிலீஷ்ல ஒரு தப்பு கிடையாது, வயிறுதான் காலி. இந்த வகுப்புல கை வைக்காதீங்க.” பிறகு தலைவியிடம் திரும்பி, அந்த டீ கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் வாய்விட்டே கேட்டார். கிடைத்தது.

அப்பாடா! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதை அவளிடம் சொல்லுவேனா?

சாயங்காலம் வீட்டில் அவளுக்கு ஒரு கப் காபி நீட்டினேன்.

“ஐயோ, வேணாம் அண்ணி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றாள் வழக்கம்போல.

“சரி” என்று நானே குடிக்க ஆரம்பித்தேன்.

“அண்ணி!”

“ஒரு தடவைதான் கேப்பேன். வெள்ளைக்காரம்மா வீடாச்சே!”

கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு கையை நீட்டினாள்.

“குடுங்க அண்ணி, எனக்கு வேணும்.”

கொடுத்தேன். பாதி கப்தான் மிச்சம் இருந்தது.