செத்த காலேஜும் ஒரு பேய் நாவலும்

மியூசியத்தில் நடக்கிற பேய்க்கதை ஒன்று, எழுபதுகளின் தொடக்கத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அப்புறம் புத்தகமாகவும் வந்தது. படித்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுதியவருக்கு நடை உண்டு, கற்பனை உண்டு, எல்லாம் உண்டு. பயம் எங்கே இருக்கும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தெரியாது என்பது என் கட்சி.

கதை இதுதான். ஒரு பழைய மியூசியம், அதில் ஒரு ராணியின் கற்சிலை. சாயங்காலம் கூட்டம் கலைந்து கூடம் காலியானதும் சிலை கண்ணைத் திறக்கும். அந்த நேரத்தில் உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட குழந்தை மறுபடி வெளியே வராது. முக்கியமான இடம் வந்தால் போதும், 'கூடம் காலியாக இருந்தது' என்று எழுதி, தொடரும் போட்டுவிடுவார். வாரக்கணக்கில் இதே வேலை.

ராயபுரத்தில் நாங்கள் இருந்த லைன் வீடுகள் முழுவதற்கும் ஒரே பத்திரிகைதான். மத்தியானம் குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்கும்போது நான் உரக்கப் படிப்பேன், பெண்கள் குடத்தின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள். "ஐயோ, போதும் நிறுத்துமே" என்பார்கள். நிறுத்தினால், "அப்பால இன்னா ஆச்சி, சொல்லேன்" என்று பிடுங்குவார்கள். எல்லோரையும் விட அதிகமாகப் பயந்தவள் என் அம்மா.

எழும்பூர் மியூசியத்துக்கு எங்கள் பக்கத்தில் செத்த காலேஜ் என்றுதான் பேர். மிருகங்களை அடைத்து வைத்திருந்த இடம் உசுரு காலேஜ். காணும் பொங்கல் அன்று கட்டுச்சோற்றோடு கிளம்பி இரண்டையும் பார்த்துவிட்டு வராவிட்டால் பொங்கல் வந்ததாகவே கணக்கில்லை. அந்த வருஷம் அம்மா உசுரு காலேஜ் மட்டும் போதும் என்றாள். ஹார்பரில் மூட்டை தூக்கும் என் நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கதைய கேட்டுட்டு பயந்துகினு கீறியா? நான் கீறேன், வாமே" என்று கிளப்பிவிட்டார்.

இங்கே துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பலில் வரும் சரக்கில் தண்ணீர் பட்டுப்போனதை ஹார்பரில் ஏலம் விடுவார்கள். அந்தப் பொங்கலுக்கு முன்னால் ஒரு வியாபாரி அப்படித் துணி மூட்டைகளை எடுத்து, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் தெருத்தெருவாகக் கூவி விற்றான். மஞ்சள் துணியில் பச்சைக் கட்டம். ஓரத்தில் லேசான கறை, மற்றபடி கெட்டித் துணி, அடிமாட்டு விலை. யார்தான் விடுவார்கள்? எங்கள் பக்கத்துப் பெண் குழந்தைகளில் பாதிப்பேருக்கு அந்தப் பொங்கலுக்கு அதே கவுன். ஐந்து வயதான என் தங்கச்சிக்கும் அதுதான்.

செத்த காலேஜில் சிலைகள் இருக்கும் கூடத்து வாசலில் கூட்டம் ஒரு நெட்டு நெட்டியது. நைனாவின் கையிலிருந்து தங்கச்சியின் கை பிடுங்கிக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நடுவில் ஊரே நுழைந்துவிட்டது.

அம்மா நேராகச் சிலைகளிடம்தான் ஓடினாள். ஒவ்வொரு சிலைக்கும் பின்னால் குனிந்து பார்த்தாள். எனக்கும் வேறு இடம் தோன்றவில்லை. அந்த ஆள் எழுதிய எழுத்து மண்டைக்குள் அப்படி உட்கார்ந்திருந்தது. தங்கச்சி அங்கே இல்லை. "பாப்பா! பாப்பா!" என்று அம்மா கத்தினாள். வீட்டில் நாங்கள் கூப்பிடும் பேர் அது. கூடத்தில் இருந்த குழந்தைகளில் பாதி திரும்பிப் பார்த்தன.

"இன்னா கலர் துணி?" என்று ஒருவர் கேட்டார். மஞ்சளில் பச்சைக் கட்டம் என்று சொன்னோம். "அதோ நிக்குது பாரு" என்றார். ஓடினோம், அவள் இல்லை. மாடிப்படியில் ஒரு கட்டம் போட்ட கவுன் ஏறியது. நைனா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறித் தோளைத் தொட்டார். வேறு யாரோ ஒரு பெண் குழந்தை, வீல் என்று அலறியது. அதன் தகப்பன் நைனாவின் சட்டையைப் பிடித்துவிட்டான். எங்கே திரும்பினாலும் என் தங்கச்சிதான், கிட்டே போனால் என் தங்கச்சி இல்லை. நாவலில் ஒரு பேய்கூட இந்தப் பாடு படுத்தவில்லை. பட்டப்பகல், சுற்றிலும் ஆயிரம் ஜனம், எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் கை காட்டுகிறார்கள், புள்ளையைக் காணோம்.

வெயில் இறங்கும் நேரத்தில் வெளிவாசல் பக்கமிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் முந்தானை தரையில் புரண்டது. அவள் இழுத்து வந்தது என் தங்கச்சியை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தாள். அம்மா அவளை வாரியெடுத்து, முகத்தைத் தடவி, காலைத் தடவி, பிறகு அந்தப் பெண் மேல் பாய்ந்தாள்.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சா உனுக்கு? ஊரான் புள்ளைய எங்க இஸ்துகினு போன?"

அவள் திருவொற்றியூர்க்காரி. கூட்டத்தில் கவுனைப் பார்த்து, தன் புள்ளை என்று நினைத்துக் கையைப் பிடித்திருக்கிறாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை வேறு. குனிந்து பார்க்க வழியில்லாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போய்விட்டாள். பஸ்ஸில் ஏற்றத் தூக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தாளாம். கைக்குழந்தையைப் புருஷனிடம் திணித்துவிட்டு, தங்கச்சியோடு திரும்ப ஓடி வந்திருக்கிறாள். அம்மா திட்டியது எதுவும் அவள் காதில் விழவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, இத்த குடுத்துட்டேன். என்து எங்கக்கா?"

அம்மாவும் அவள் பார்த்த பக்கமே திரும்பிப் பார்த்தாள்.

நைனாவுக்குத் தெம்பெல்லாம் போயிருந்தது. "நம்ம புள்ள கெட்ச்சிட்ச்சி. பஸ்ஸு பூடும், வாமே" என்றார். "அவ புள்ள கெடைக்கலியே!" என்று அம்மா சீறினாள். தங்கச்சியை என் இடுப்பில் வைத்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வரமாட்டேன் என்று காலையில் அடம் பிடித்த அதே அம்மா.

கூடம் கூடமாகத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மூடும் நேரம் வந்து விசில் ஊதிவிட்டார்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்று, வெளியே வரும் ஒவ்வொரு கட்டம் போட்ட கவுனையும் மோவாயைத் தூக்கிப் பார்த்தார்கள். இவள் இல்லை. இவளும் இல்லை. வரிசை மெலிந்தது. கடைசியாக ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் யாருமே வரவில்லை.

கூடம் காலியாக இருந்தது. அந்த எழவெடுத்த வரி அப்போது என் தலைக்குள் ஓடியது. தங்கச்சியை இன்னும் இறுக்கிக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். திருவொற்றியூர்க்காரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காவல்காரரிடம் கெஞ்சி அம்மா மட்டும் மறுபடி உள்ளே போனாள். தங்கச்சியை இடுக்கிக்கொண்டு நான் வாசலில் நின்று பார்த்தேன். அம்மாவுக்கு முன்னால் நீளத்துக்கு வெறும் தரை. ஜனமெல்லாம் போன பிறகு அந்தப் பெரிய இடத்தில் நிறம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருந்த மூலையில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மஞ்சளில் பச்சைக் கட்டம். கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது புள்ளை. அத்தனை நேரம் அதைச் சுற்றி நின்றவர்களின் காலும் புடவையும்தான் அதை மறைத்திருக்கின்றன. கூடம் காலியாகாமல் இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த நாவலாசிரியர் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும்.

அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெற்றவள் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கையை நீட்டினாள். அம்மா உடனே கொடுக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த புள்ளையைக் கீழே இறக்கி நிறுத்தி, பேர்கூடத் தெரியாத அந்த ஊரான் புள்ளையின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். "எங்கடி போன? எங்க போய்த் தொலைஞ்ச?" என்று அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பெற்றவள் அம்மா அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.