செருப்புக்குக் காவல்

நாற்பத்தைந்து வயதில் பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலு வயது மகள் நீலா அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவளைப் போலவே என்னை அதட்டுவாள். குழந்தை வளர்ப்பு பற்றி நான் படித்த புத்தகங்களெல்லாம் வீண்.

ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஓடியவர்கள் மயிலாப்பூர் திரும்பிய பிறகு வந்த பங்குனி உற்சவத்துக்கு, நீலாவை நான் மட்டும் அழைத்துப் போனேன்.

"அம்மா சொன்னதெல்லாம் மறந்துடு. இன்னிக்கு அப்பா சொல்றதுதான்" என்றேன்.

வழக்கமான கற்பூரக் கடை ஓரம் செருப்பை விட்டோம். சுவாமியைப் பார்க்க நான் எம்பியபோது கை நழுவியது. குழந்தையைக் காணோம்.

மாடவீதி நாலும் ஓடினேன். குளத்தை எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போலீசுக்குப் போகலாமென்று, வெயிலில் வெந்த காலோடு செருப்பைத் தேடி வந்தால், அதன்மேல் நீலா உட்கார்ந்திருந்தாள்.

"கை விட்டுப்போச்சுன்னா செருப்புகிட்டே வந்து உக்காருன்னு அம்மாதான் சொன்னா."

கட்டிக்கொண்டு அழுதேன். அப்போதும் அந்த 'அம்மாதான்' உறுத்தியது. இப்போதெல்லாம் வெளியே கிளம்புமுன் அவள் குழந்தைக்குச் சொல்லும் புத்திமதியை, பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே நீலா அறிவித்தாள்: "அம்மா, அப்பா தொலைஞ்சு போயிட்டார். செருப்பை நான் பாத்துண்டேன்."