ஆறு சுற்று வென்றவளும் பத்தாயிரம் போட்டிகளும்

பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணைக்கான கணினி நிரல்களைப் பதினேழு வருடங்களாக எழுதிவந்தார் அந்த அம்மா. எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். அலுவலகத்தில் அவர் பெயரே ‘செக்கிங் அக்கா’.

மழையால் மகளின் பள்ளி விளையாட்டு விழா நின்றுபோன அன்று, உடற்பயிற்சி ஆசிரியர் அறுபத்து நான்கு பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்துக் கல்-காகிதம்-கத்தரி போட்டி நடத்தினார். தோற்றவர் வெளியே. ஒன்பது வயது மகள் ஆறு சுற்றிலும் வென்றாள்.

சனிக்கிழமை ஒரு தகப்பனார் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: “அதெப்படி ஆறு தடவை? எதிராளி கையைப் பார்த்துட்டுத்தான் நீட்டியிருக்கா.” திங்களன்று இரு வீட்டாரையும் வரும்படி ஆசிரியர் சொல்லியனுப்பினார்.

அம்மா பயந்துபோனார். ‘லேட்டா நீட்டினியாடி?’ என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

ஆறு தொடர் வெற்றி தற்செயலாக வருமா என்று பார்க்க, ஞாயிறு காலை கணினியில் அறுபத்து நான்கு பொய்ப் பிள்ளைகளை உருவாக்கி, குருட்டாம்போக்கில் ஆடவிட்டார். பட்டியலில் முன்னால் இருந்தவர்களே அதிகம் வென்றார்கள்.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். “இதுங்களும் கோல்மால் பண்ணுதா?”

“சமமா வந்தா முன்னாடி இருக்கிறவங்களுக்கே வெற்றின்னு எழுதித் தொலைச்சிருக்கேன்.”

சமன் என்றால் மறு ஆட்டம் என்று திருத்தி, பத்தாயிரம் போட்டிகள் ஓட்டினார். இப்போது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெற்றி. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் யாரோ ஒரு பிள்ளை ஆறு முறை தொடர்ந்து வென்றிருந்தது. ஒன்றில்கூடத் தப்பவில்லை.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “யாராவது ஒருத்தர் ஆறு ஜெயிச்சாத்தாங்க போட்டியே முடியும்!”

“இதுக்கா காலையிலேருந்து தட்டினே?”

“அறுபத்து நாலு, முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு, ரெண்டுன்னு விரல் விட்டே எண்ணியிருக்கலாம். பயத்துல புத்தி எங்க வேலை செய்யுது?”

திங்களன்று மடிக்கணினியை ஆசிரியர் முன் வைத்தார். “யாரு ஜெயிச்சாலும் ஆறு சுத்துதான் வரும். அவ தாமதமா நீட்டினதை யாராவது பார்த்தாங்களா சார்?”

“இல்லம்மா. ஆறுன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தப்புதான்.”

புகார் சொன்னவர் திரையையே பார்த்திருந்துவிட்டு அசடு வழிந்தார். “என் பொண்ணு முதல் சுத்துலயே போயிட்டா. அந்த வயித்தெரிச்சல்ல எழுதிட்டேங்க.”

மகளோடு வீடு திரும்பும்போது அம்மா லேசாகக் கேட்டார்: “எப்படிடி ஜெயிச்சே?”

“தெரியலம்மா. பயமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு நீட்டினேன்.”

அம்மா நடுத்தெருவிலேயே மகளைக் கட்டிக்கொண்டார்.